மருதாணி சிவக்கும், கறுக்காது: நரை மறைத்த வரலாறு

"மருதாணி" என்ற சொல்லுக்கு இன்று நம் வீடுகளில் இரண்டு பொருள் ஏற்பட்டுவிட்டது. ஒன்று, கொல்லையில் வேலியோரம் நிற்கும் செடி. மற்றது, கடையில் பாக்கெட்டில் கிடைக்கும், தலையில் பூசினால் அரைமணியில் முடியைக் கறுப்பாக்கும் தூள். முதலாவது முழுக்க இலை. இரண்டாவதில் இலை எவ்வளவு, வேறு பொருள் எவ்வளவு என்பது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவருக்குத்தான் தெரியும். இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? செடியின் பெயரை மற்றொரு சரக்கு எப்படி எடுத்துக்கொண்டது? இதை வரலாற்று வழியில் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடியேன் புலவர் பட்டம் பெற்றவன் அல்லன். சாத்தத்திலும் போர்ட் பிளேரிலும் முப்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் செய்தவன். கடையைச் சாத்திய பிறகு பழைய நூல்களைப் புரட்டும் பழக்கம் உண்டு. எனவே கடைக்காரன் கண்ணாலும் வாசகன் கண்ணாலும் சேர்த்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

நரையைக் காட்டியவர்கள்

நரையை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லாக் காலத்திலும் எல்லாரிடமும் இருந்ததில்லை. தமிழில் புகழ்பெற்ற முதல் "நரை வேடம்" இதற்கு நேர் எதிரானது. கரிகாற் சோழன் இளம் வயதில் அரியணை ஏறியவன். வழக்கோடு வந்த முதியவர் இருவர், "இந்தச் சின்னப்பிள்ளையா நமக்குத் தீர்ப்புச் சொல்லப்போகிறான்?" என்று தயங்கினார்கள். அரசன் உள்ளே போய் நரைமுடி அணிந்து முதியவன் போல் வந்து வழக்கைத் தீர்த்தான் என்பது கதை. முன்றுறை அரையனார் என்ற சமணப் புலவர் பழமொழி நானூற்றில் இதைச் சொல்கிறார். அன்று நரைக்கு அவ்வளவு மதிப்பு! இன்று நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் முதல் நாள் இரவு தலைக்குச் சாயம் போடுகிறார். அவர் கரிகாலன் செய்ததைத் தலைகீழாகச் செய்கிறார்.

கம்பர் அயோத்தியா காண்டத்து மந்திரப் படலத் தொடக்கத்தில், தசரதன் காதோரம் வெளுத்த ஒரே ஒரு மயிரைக் காட்டுகிறார். அந்த மயிர் மன்னன் காதில் வந்து, "மகனிடம் நாட்டைக் கொடுத்துவிட்டுத் தவத்துக்குப் போகும் வேளை இது" என்று ஓதுவது போல் இருந்ததாம். புத்த ஜாதகக் கதைகளில் மகாதேவன் என்ற அரசன், தன் தலையில் முதல் நரை தோன்றினால் உடனே சொல்ல வேண்டும் என்று நாவிதனுக்குக் கட்டளை இட்டிருந்தான். நாவிதன் சொன்னதும் துறவு பூண்டான். எங்கள் சமண நூலான நாலடியாரும் இளமை நிலையாமை பற்றிய அதிகாரத்தை நரையை வைத்தே தொடங்குகிறது. நரை வருமுன்பே அறிவுடையார் துறந்தனர் என்பது அதன் கருத்து. சமணத் துறவியர் தலைமுடியைக் கத்தி படாமல் கையாலேயே களைவர். அதற்கு உலோச்சு என்று பெயர். முடியே இல்லாதபோது அதன் நிறம் பற்றிக் கவலை ஏது?

புறநானூற்றில் பிசிராந்தையார் கதை வேறு மாதிரி. "இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை?" என்று கேட்டவர்களுக்கு, நல்ல மனைவி, அறிவுள்ள மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊரில் சான்றோர் என்று காரணம் அடுக்குகிறார். இந்த ஐந்தும் அமையாத நம் போன்றோர்தான் இரும்புச் சட்டியைத் தேட வேண்டியிருக்கிறது!

துறவிக்குச் சொன்னது இல்லறத்தாருக்கு விதி அல்ல. எனவே நரையை மறைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று இனிப் பார்ப்போம்.

துவர்ப்பும் இரும்பும்

சிலப்பதிகாரம் கடலாடு காதையில் மாதவியின் ஒப்பனை விரிவாக வருகிறது. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீரில் அவள் கூந்தலை ஆட்டினார்கள் என்கிறார் இளங்கோவடிகள். துவர் என்றால் துவர்ப்புப் பொருள்கள். உரையாசிரியர்கள் காட்டும் பட்டியலில் திரிபலை, கருங்காலி, நாவல் எல்லாம் உண்டு. திரிபலை என்பது கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்தது. இன்றும் நம் வீட்டுப் பெண்கள் கூந்தல் தைலத்துக்குப் போடும் சரக்குகள் இவையே. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். மாதவிக்குச் செய்தது கூந்தல் பராமரிப்பு. அவள் இளம்பெண், நரையை மறைக்க வேண்டிய தேவை அங்கே இல்லை.

அதே காதையில் அவள் அடிகளுக்கு அலத்தகம் ஊட்டியதாகவும் வருகிறது. அலத்தகம் என்பது செம்பஞ்சுக் குழம்பு. அரக்கிலிருந்து எடுக்கும் சிவப்பு. மருதாணி அல்ல. நம் தீவில் வங்காளிக் குடும்பங்களோடு பழகியவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டுப் பெண்கள் பூஜைக்கும் கல்யாணத்துக்கும் பாதத்தைச் சுற்றி இடும் சிவப்புக்கு "ஆல்தா" என்று பெயர். அந்த ஆல்தாவும் சிலம்பின் அலத்தகமும் ஒரே வடசொல்லின் இரண்டு பிள்ளைகள். மாதவியின் பாதத்துச் சிவப்பைப் பார்க்க வேண்டுமானால் துர்க்கா பூஜைப் பந்தலுக்குப் போனால் போதும்.

நரையை மறைக்கவென்றே எழுதப்பட்ட பழைய செய்முறை ஒன்று 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் இருக்கிறது. கந்தயுக்தி என்ற வாசனைப் பொருள் அதிகாரத்தில், தலை வெளுத்திருந்தால் மாலையும் ஆடையும் நகையும் சோபிக்காது என்று ஆரம்பித்து முறையைச் சொல்கிறார். வரகரிசியைப் புளிக்காடியில் இரும்புப் பாத்திரத்தில் வேகவைத்து, இரும்புத் தூளோடு சேர்த்து அரைத்து, தலையில் பூசி, பச்சிலையால் மூடிக் கட்ட வேண்டும். இரண்டு சாமம், அதாவது ஆறு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டு நெல்லிக்காய் விழுது பூசி, மறுபடி இலை சுற்றி இன்னும் இரண்டு சாமம் வைக்க வேண்டும். பிறகு கழுவினால் முடி கறுத்திருக்கும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. புளிப்பு இரும்பைக் கரைக்கிறது. கரைந்த இரும்பு முடியில் ஏறுகிறது. பின்னால் வரும் நெல்லிக்காயின் துவர்ப்பு அந்த இரும்போடு சேர்ந்தால் கருநீலம் கலந்த கறுப்பு உண்டாகிறது. நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதுமை காய்ச்சியது இதே முறைதான். கலங்காரித் துணிக்காரர்கள் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசலால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே முறைதான். எழுதுமை, துணி, தலைமுடி மூன்றுக்கும் கறுப்பு ஒரே இடத்திலிருந்து வந்தது: துவர்ப்பும் இரும்பும்.

"மருதாணிய இரும்புச் சட்டியிலதான் ஊறவைக்கணும்" என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதன் பின்னணி இதுவே. அவர்கள் வேதியியல் படிக்கவில்லை. ஆனால் டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணியும் நெல்லிப்பொடியும் இரும்புச் சட்டியும் சேர்ந்தால் சிவப்பு அடங்கிப் பழுப்பாகும் என்பது கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது.

மருதாணியின் நிறம்

மருதாணிக்குத் தமிழில் மருதோன்றி, ஐவணம், அழவணம் என்ற பெயர்களும் உண்டு. இந்தியில் மெஹந்தி, அரபியில் ஹின்னா, மலையாளத்தில் மைலாஞ்சி. 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் செடிகளுக்குப் பெயர் சூட்டியபோது, தமக்கு உதவிய ஐசக் லாசன் என்ற மருத்துவர் நினைவாக இதற்கு லாசோனியா இனெர்மிஸ் என்று பெயரிட்டார். இலையில் உள்ள சாயப் பொருளுக்கும் அதனாலேயே லாசோன் என்று பெயர் வந்தது. உலர்ந்த இலையில் அது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். ஆனாலும் அந்தச் சிறு அளவு நகத்தையும் தோலையும் முடியையும் விடாமல் பிடிக்கிறது. மூன்றுமே கெரட்டின் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. லாசோன் அந்தப் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. உள்ளங்கையில் தோல் தடிப்பு அதிகம். அதனால் அங்கே நன்றாகச் சிவக்கிறது. "நல்லா செவந்தா புருஷன் ஆசையா இருப்பார்" என்று கல்யாணப் பெண்ணைக் கிண்டல் செய்வது நம் வழக்கம். உண்மையில் அது தோலின் தடிப்பையும் உடம்புச் சூட்டையும் பொறுத்தது. மாப்பிள்ளைகள் பயப்பட வேண்டாம்.

இங்கே நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. லாசோனின் நிறம் சிவப்பு கலந்த ஆரஞ்சு. அது கறுப்பு ஆகாது. நரைத்த முடியில் மருதாணியை மட்டும் பூசினால் செம்பட்டை நிறம் வரும். கறுத்த முடியில் பூசினால் வெயிலில் மட்டும் தெரியும் செம்மினுக்கு வரும். ராஜஸ்தான் இலையானாலும் நம் கொல்லை இலையானாலும் இதில் மாற்றம் இல்லை.

உலக வரலாறும் இதையே சொல்கிறது. எகிப்து மன்னன் இரண்டாம் ராம்சேயின் பதப்படுத்திய உடலை 1976இல் பாரிசுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். வெளுத்த அவன் முடிக்கு மருதாணி போன்ற சாயம் ஏற்றியிருந்ததாக ஆய்வாளர்கள் சொன்னார்கள். நிறம்? செம்மை. இஸ்லாமிய மரபில் முதல் கலீபா அபூபக்ர் தம் தாடிக்கு மருதாணியோடு கத்தம் என்ற மற்றொரு செடியையும் சேர்த்துச் சாயமிட்டார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மருதாணி மட்டும் போதாமல், நிறத்தை அடர்த்தியாக்க மற்றொன்று தேவைப்பட்டிருக்கிறது. பாரசீகக் குளியல் கூடங்களில் முதலில் ஹின்னா, பிறகு "ரங்" என்று இரண்டு தடவை பூசுவது வழக்கம். ரங் என்பது அவுரி இலைத் தூள்.

அவுரி

அவுரி நம் ஊர்ச் செடி. நீலி என்றும் சொல்வோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, கொல்லத்தில் நீலச் சாயம் எடுக்கும் முறையை எழுதிவைத்தார். தென்னார்க்காடு மாவட்டம் அவுரிக்குப் பேர்போனது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. தமிழ்ச் சமணர் ஊர்கள் பல அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. எனவே அவுரி எங்களுக்குப் புதிதல்ல.

ஆனால் அவுரியின் வரலாற்றில் கண்ணீரும் உண்டு. வங்காளத்தில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் குடியானவர்களை நெல்லை விட்டு அவுரி போடக் கட்டாயப்படுத்தினார்கள். 1859–60இல் அங்கே குடியானவர் கிளர்ச்சி வெடித்தது. 1917இல் காந்தியடிகள் சம்பாரணுக்குப் போனதும் அவுரிக் குடியானவருக்காகத்தான். அந்த நீலம் துணிக்குப் போனது. நம் வீட்டுத் தலைக்கு எடுத்தது ஒரு கைப்பிடி இலைதான்.

அவுரி வேலை செய்யும் விதம் மருதாணிக்கு எதிர். அதன் இலையில் நீலம் நேராக இல்லை. நிறமற்ற ஒரு பொருளாக ஒளிந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது பிரிந்து, காற்றுப் பட்டதும் நீலமாகிறது. முடிக்குள் புகுந்த பிறகு நீலமானால் நிற்கும். கிண்ணத்திலேயே நீலமாகிவிட்டால் முடியில் ஏறாது. அதனால்தான் மருதாணியை ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும். அவுரியைக் கரைத்த கால்மணிக்குள் பூச வேண்டும். மருதாணிக்குப் பொறுமை, அவுரிக்கு அவசரம். சிவப்பின் மேல் நீலம் ஏறினால் பழுப்பு. நீலம் அதிகமானால் கறுப்பு. இலையாலேயே கறுப்பு வேண்டுமென்றால் உள்ள வழி இதுதான்.

1883

நம் சாத்தத்துக்கு 1883 முக்கியமான வருஷம். தீவின் மரங்களை அறுக்க இங்கே மர அறுவை ஆலை தொடங்கியது அந்த ஆண்டில்தான். அதற்கு முன்பே சாத்தத்துக்கு வரலாறு உண்டு. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் முதல் குடியிருப்பை அமைத்தது இந்தச் சிறு தீவில். 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் கைதிகளோடு வந்து இறங்கியதும் இங்கேதான். ஆனால் சாத்தம் என்றால் ஆலை என்ற பெயர் 1883க்குப் பிறகே வந்தது. 1942இல் ஜப்பானியர் போட்ட குண்டின் பள்ளம் ஆலை வளாகத்தில் இன்னும் இருக்கிறது. படாக் மரத்தின் செந்நிறம் பார்த்தே பழகியவர்கள் நாம்.

அதே 1883இல் ஐரோப்பாவில் இரண்டு காரியம் நடந்தது. ஜெர்மனியில் அடால்ஃப் பேயர் அவுரி நீலத்தின் வேதியியல் அமைப்பைக் கண்டு சொன்னார். அதன் பலனாக 1897இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் ஆலையில் செய்த நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு நம் நாட்டு அவுரி வயல்கள் வேகமாகச் சுருங்கின. பிரான்சில் மொன்னே நிறுவனம் பாரா ஃபினைலின் டையமின் என்ற பொருளைத் தலைச்சாயமாகப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றது. பெயர் நீளம் என்பதால் பி.பி.டி. என்கிறார்கள். இது நிலக்கரித் தார் வழியில் வந்த வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் நுண்துகள் முடிக்குள் எளிதாகப் புகுந்து, உள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துக் கறுப்பாகிறது. 1907இல் யூஜீன் ஷூல்லெர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இத்தகைய சாயத்தைத் தயாரித்து முடிதிருத்தும் நிலையங்களுக்கு விற்றார். 1909இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னால் லோரியல் ஆனது.

சாத்தத்தில் ஆலைச் சங்கு ஊதத் தொடங்கிய அந்த ஆண்டிலேயே, பன்னிரண்டு மணி நேர வேலையை அரைமணி வேலையாக்கும் கறுப்பும் பிறந்தது. இரும்பு, துவர்ப்பு, அவுரி மூன்றையும் அது ஓரங்கட்டிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒத்துக்கொள்கிறவர்கள் தெரிந்து பூசினால் அது அவர்கள் விருப்பம். குறை எங்கே வந்தது என்றால், அந்தக் கறுப்பு தன் பெயரை மறைத்துக்கொண்டு மருதாணி என்ற பெயரில் வந்தபோதுதான்.

தீவில் சிவப்பு

அதற்கு முன், நம் தீவில் இந்தச் செடி யார் யாரோடு வந்தது என்று ஒரு வார்த்தை. அந்தமான் பழங்குடிகளுக்குச் சிவப்பு மண்ணிலிருந்து கிடைத்தது. செங்காவியைக் கொழுப்போடு குழைத்து உடம்பில் பூசுவதையும் வெள்ளைக் களிமண்ணால் கோலமிடுவதையும், 1906–08இல் இங்கே தங்கி ஆராய்ந்த ராட்கிளிஃப் பிரௌன் 1922இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். மருதாணி குடியேறியவர்களோடு வந்தது. 1921 மாப்பிளா கிளர்ச்சிக்குப் பிறகு மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்கள், தெற்கு அந்தமானில் மஞ்சேரி, மலப்புரம் என்று ஊருக்கே தாய்மண் பெயரை வைத்தார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு முந்தின இரவு மைலாஞ்சி இல்லாமல் நடக்காது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய நம் தமிழர்களும், சென்னைக் கப்பலில் பிழைப்புக்கு வந்த நாமும் அப்படியே.

ஆனால் மருதாணி வறண்ட நிலத்துச் செடி. நல்ல வெயிலும் காய்ந்த காற்றும் இருந்தால்தான் இலையில் சாயம் ஏறும். ராஜஸ்தான் பாலி மாவட்டத்துச் சோஜத் இதற்குப் பேர்போன சந்தை. சோஜத் மெஹந்திக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் தீவிலோ வருஷத்துக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை. செடி தழைத்து வளரும். சாயம் கம்மியாகவே இருக்கும். "ஊர்ல செவக்கிற மாதிரி இங்க செவக்கல" என்று பெண்கள் சொல்வது சரிதான். அதனால்தான் இங்கே தூளை நம்பினோம். தூள் என்று வந்ததும் ஏமாற்றுக்கும் வாசல் திறந்தது.

பாக்கெட்டைப் படிப்போம்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தலைவர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அந்த அம்மா கறுப்பு மருதாணி என்ற பாக்கெட்டை வாங்கித் தலைக்குப் பூசினார்கள். மறுநாள் காலையில் நெற்றி வீங்கி, கண் திறக்க முடியவில்லை. டாக்டர், "தலைக்குச் சாயம் ஏதாவது போட்டீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க ஐயா, சாயமெல்லாம் போடறதில்ல, மருதாணிதான் வெச்சேன்" என்றார்கள். பொய் சொல்லவில்லை, பாக்கெட் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். மகன் வீட்டுக்கு ஓடிப்போய் காலிப் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்த அம்மா பிழைத்தார்கள். மணமேடையில் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொல் தவறான பொருளுக்குப் போனால் வைத்தியமும் தவறிப்போகும் என்று அன்று கண்டேன்.

பி.பி.டி. எல்லாரையும் தாக்குவதில்லை. ஆனால் ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. அடுத்த தடவை இன்னும் கடுமையாக வரும். பத்து வருஷம் ஒன்றும் ஆகாமல் பதினோராவது வருஷம் வருவதும் உண்டு. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006இல் இதையே அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பாவில் தலையில் பூசும் கலவையில் இது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. பி.பி.டி. கலந்த தலைச்சாயத்தின் மேல் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் போதாது. அந்தந்த வட்டார மொழியிலும் வேண்டும். தோல் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் பூசினால் பார்வை போகலாம் என்பது அதன் சாரம். எனவே "ஹெர்பல்" என்று முன்பக்கம் இலைப் படம் போட்டிருந்தாலும், பின்பக்கம் இந்த எச்சரிக்கை இருந்தால் உள்ளே இலை மட்டும் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

எச்சரிக்கை இல்லாத மலிவுச் சரக்கும் வரும். அதற்குக் கடைக்காரன் அடையாளம் சொல்கிறேன். நல்ல மருதாணித் தூள் மங்கிய பச்சையாக, வைக்கோல் வாசனையோடு இருக்கும். கண்ணைப் பறிக்கும் பச்சை என்றால் பச்சைச் சாயம் சேர்த்திருக்கலாம். தூளே கறுப்பு அல்லது கரும்பழுப்பு என்றால் வேறு பொருள் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் துணியில் வையுங்கள். ஆரஞ்சோ பழுப்போ பிடித்தால் இலை, அரைமணிக்குள் கறுத்தால் சந்தேகப்படுங்கள். "ஒரே பாக்கெட், ஒரே பூச்சு, அரைமணியில் கறுப்பு" என்று சொன்னால், இதுவரை பார்த்த வரலாறு முழுவதும் அதை மறுக்கிறது.

வீட்டில் செய்யும் முறை

தோள் வரை உள்ள முடிக்கு 100 கிராம் மருதாணித் தூள் போதும். ஆறிய டீ டிகாஷனில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்து மூடி, ராத்திரி முழுக்க, அதாவது எட்டு மணி நேரம் வையுங்கள். அவுரி சேர்க்காமல் பழுப்பு நிறம் மட்டும் போதும் என்பவர்கள் நெல்லிப்பொடி சேர்த்து இரும்புச் சட்டியில் ஊறவைக்கலாம். எண்ணெய் இல்லாத முடியில் பூசி இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

கறுப்பு வேண்டுமென்றால் அதன் பிறகு அவுரித் தூள் 100 கிராம். வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும் குழையுங்கள். எலுமிச்சை, தயிர் கூடாது. ஒரு சிட்டிகை உப்புப் போடலாம். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மேல்பக்கம் நீலம் ஓடும், உடனே பூசுங்கள். கைக்கு உறை போட்டுக்கொள்வது நல்லது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து அலசுங்கள். முதல் நாள் பச்சை அல்லது நீலம் தட்டினால் கலங்க வேண்டாம். காற்றுப் பட்டு இரண்டு நாளில் கறுக்கும். அதுவரை ஷாம்பு வேண்டாம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை வேரில் மட்டும் பூசினால் போதும்.

இலைதானே என்று அலட்சியமும் கூடாது. முதல் தடவை பூசுமுன் காதின் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். கைக்குழந்தைகளுக்கு மருதாணி இட வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு லாசோன் இரத்தத்தைச் சிதைக்கும் என்று மருத்துவம் கண்டிருக்கிறது. நம் தீவின் ஈரக் காற்றில் தூள் சீக்கிரம் வீணாகும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து இருட்டில் வையுங்கள்.

நிறைவாக

போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பெயர் மாறியது, ஊர் மாறவில்லை. மருதாணி விஷயத்தில் நடந்தது இதற்கு மறுதலை: பெயர் அப்படியே இருக்கிறது, உள்ளே உள்ள பொருள் மாறிவிட்டது. முன்னதில் நஷ்டம் இல்லை, பின்னதில் உண்டு.

நரையைக் காட்டுவதா மறைப்பதா என்பது அவரவர் விருப்பம். கரிகாலனும் சரி, வராகமிகிரரும் சரி, தாம் எதைத் தலையில் வைக்கிறோம் என்று தெரிந்து வைத்தார்கள். அந்தத் தெளிவு நம் வீட்டுப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் வேண்டும். தாய்மண்ணை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்த நாம், நம் பிள்ளைகளுக்குச் சொற்களைக் காப்பாற்றிக் கொடுக்கப் பாடுபடுகிறோம். சொல்லைக் காப்பாற்றுவது என்றால் அதன் பொருளையும் காப்பாற்றுவதுதான். அடுத்த தடவை யாராவது "மருதாணி வெச்சேன்" என்றால், "இலையா, பாக்கெட்டா? பாக்கெட்டுன்னா பின்னாடி என்ன எழுதியிருக்கு?" என்று கேளுங்கள்.